பல்லி பள்ளியானபோது: எழுதத் தயங்கிய ஒரு சிறுவனின் 14 வாரங்கள்

அவன் என்னிடம் வந்தபோது அவனுக்கு வயது 10. வாரத்தில் 2 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், எழுத்துப் பயிற்சிக்காக வந்தான். பெயர் வேண்டாம், பையன் என்றே சொல்கிறேன். முதல் நாளே அவன் அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார்: "வாய் ஓயாமப் பேசுவான் மிஸ். பேனாவைக் கையில குடுத்துட்டா ஊமையாயிடுறான்."

அன்று 'எனக்குப் பிடித்த விலங்கு' என்று ஒரு தலைப்புக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வந்தது இவ்வளவுதான்: "எனக்குப் பிடித்த விலங்கு நாய். நாய்க்கு நான்கு கால்கள். நாய் நன்றி உள்ளது. எனக்கு நாயை மிகவும் பிடிக்கும்." ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓர் இடம் கிழிந்தே போயிருந்தது.

கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே அவனாக ஒரு கதை சொன்னான். அவன் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோய் ரொம்ப நாளாகிறதாம். அதன் பின்னால் ஒரு பல்லி குடியிருக்கிறது. ஒருநாள் பூனை பாய்ந்தது. பல்லியின் வால் தனியாகக் கீழே விழுந்து துடித்தது. பூனை அந்த வாலையே பார்த்துக்கொண்டு நிற்க, பல்லி கடிகாரத்துக்குப் பின்னால் போய்விட்டது. "வால் மட்டும் உயிரோட இருந்துச்சு மிஸ், பல்லி இல்லாமலே." சொல்லும்போது அவன் விரல்களும் துடித்துக் காட்டின. ஐந்து நிமிடம் வாசலில் நின்று கேட்டேன்.

மேசையில் நாலு வரி நாய், வாசலில் ஐந்து நிமிடப் பல்லி. இரண்டும் ஒரே பையனிடமிருந்து ஒரே மாலையில் வந்தவை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நிற்கிறது, அதை விலக்கக் கணினியும் கைபேசியும் உதவுமா என்று பார்த்ததுதான் இந்த ஆய்வு.

கதை எங்கே நின்றுபோனது

அடுத்த வகுப்பில் அவன் எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். ஒரு சொல்லின் நடுவில் பென்சில் நின்றது. "என்ன யோசிக்கிற கண்ணா?" என்று கேட்டேன். "எந்த ள-ன்னு யோசிச்சேன் மிஸ். அதுக்குள்ள மீதி மறந்துடுச்சு."

அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. பெரியவர்களுக்கு எழுத்து தானாகக் கையில் வருகிறது. குழந்தைக்கோ எழுத்தின் வடிவம், சொல்லின் எழுத்துக்கூட்டல், வாக்கியத்தின் மீதிப் பாதி, கதையில் அடுத்து என்ன என எல்லாமே ஒரே நேரத்தில் நினைவில் இருக்க வேண்டும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிறது. 1980களில் டொராண்டோவில் கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. குழந்தைகள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிக்கொண்டால், அவர்களே எழுதுவதைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். எழுதி முடித்துவிட்டேன் என்ற குழந்தையிடம் "இன்னும் கொஞ்சம் சொல்லு" என்று மட்டும் கேட்டாலே மேலும் நிறைய வந்தது. பேசும்போது எதிரே இருப்பவர் 'ம்' கொட்டுகிறார், கண்ணை விரிக்கிறார், "அப்புறம்?" என்கிறார். தாள் இதில் எதையும் செய்வதில்லை.

ஆகவே பையனிடம் கதைக்குப் பஞ்சமில்லை. கதையிலிருந்து தாளுக்குப் போகும் வழி அவனுக்கு ரொம்பக் குறுகலாக இருந்தது, அவ்வளவுதான். வேறு காரணம் ஏதும் உண்டா என்று பார்த்துவிடுவது நல்லது என்பதால், கண் பரிசோதனையும் சிறப்புக் கல்வியாளர் ஒருவரின் மதிப்பீடும் செய்யச் சொன்னேன். இரண்டிலும் குறை ஏதும் இல்லை. இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக்கூடாது. கற்றல் குறைபாடு இருக்கும் குழந்தைக்குத் தேவைப்படும் உதவி வேறு.

முதலில் குரல்

முதல் மூன்று வாரமும் கைபேசியில் இருக்கும் சாதாரண ஒலிப்பதிவுச் செயலி மட்டும்தான். பல்லிக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தேன், பிறகு இருவரும் கேட்டோம். தன் குரலைக் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டான். இரண்டாம் முறை கேட்கும்போது கையை எடுத்துவிட்டான். மூன்றாம் முறை அவனே நிறுத்தச் சொன்னான். "மிஸ், நான் எல்லாத்துக்கும் 'அப்புறம்' சொல்றேன்." எண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினான். 31.

சிவப்பு மையால் நான் 31 இடத்தில் வட்டம் போட்டிருந்தால் அவன் மறுபடி பேனாவைத் தொட்டிருக்க மாட்டான். காதில் கேட்டபோது அது அவனே கண்டுபிடித்த விஷயம் ஆனது. அடுத்த பதிவில் 'அப்புறம்' வாயில் வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்றான். நின்ற இடத்தில் "உடனே", "அதுக்குள்ள", "பூனை திரும்பறதுக்கு முன்னாடி" என்று புதுச் சொற்கள் வந்தன. நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாம் அவனிடம் ஏற்கெனவே இருந்தவை.

ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் பதிவில் தனக்கு ரொம்பப் பிடித்த மூன்று வாக்கியங்களை மட்டும் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதினான். மூன்றே மூன்று. வாக்கியம் மறந்துபோகும் என்ற பயம் இல்லாததால் 'எந்த ள' என்று நிதானமாக யோசிக்க முடிந்தது.

பல்லி, பள்ளி, வால், வாள்

நான்காம் வாரம் குரல்வழித் தட்டச்சுக்கு வந்தோம். கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் 2017 முதல் இருக்கிறது. நாம் பேசப் பேச எழுத்து திரையில் ஓடுவது எந்தக் குழந்தைக்கும் வியப்புதான். பையனும் வியந்தான், அதற்கப்புறம் திரையைப் படித்தான். "பள்ளி சுவரில் ஏறியது. பள்ளியின் வாள் கீழே விழுந்தது" என்ற பொருளில் ஏதோ வந்திருந்தது.

விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு பள்ளிக்கூடம் சுவர் ஏறுவதையும் அதன் இடுப்பிலிருந்து வாள் நழுவி விழுவதையும் அவனே நடித்துக் காட்டினான். சிரிப்பு அடங்கியபின் ஒரு கேள்வி கேட்டான். அதற்காகத்தான் நான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன்: "அப்ப நான் சொல்றதுல தப்பா மிஸ், இல்ல அதுக்குக் கேக்கத் தெரியலையா?"

இரண்டும்தான் என்று சொன்னேன். நாக்கு நுனி பல்லருகே தொட்டால் ல, மடித்து மேலே தொட்டால் ள. நாம் பேசும் வேகத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம், கருவி ஊகிக்கிறது. அன்று முழுக்க நாக்கை மடித்து மடித்து 'பல்லி, பள்ளி, வால், வாள்' என்று சொல்லிப் பார்த்தான். ல, ள வேறுபாட்டை எத்தனையோ பேருக்குச் சொல்லெழுதும் பயிற்சி வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இந்த ஒரு பிழை பதிந்த மாதிரி அது எதுவும் பதிந்ததில்லை. கருவி செய்யும் பிழையைத் திருத்துவதில் குழந்தைக்கு அவமானம் இல்லை. அங்கே அவன்தான் ஆசிரியர்.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. குரலிலிருந்து வந்த எழுத்தில் முற்றுப்புள்ளியே இல்லை, ஒரே ஓட்டமாகக் கிடந்தது. "மூச்சு எங்க நிக்குதோ அங்க புள்ளி வை, வச்சுட்டுச் சத்தமாப் படி, சரியா இருக்கான்னு பாரு" என்றேன். நிறுத்தக்குறிகளின் பெயரைக்கூட நாங்கள் பேசவில்லை. அவன் வைத்த புள்ளிகளில் பெரும்பாலானவை சரியான இடத்தில் விழுந்தன.

தமிழில் எழுதும் குழந்தைக்கு வரும் ஒரு சிக்கலையும் இங்கேதான் தொட்டோம். பேசுகிற தமிழ் வேறு, எழுதுகிற தமிழ் வேறு. பதிவில் இருந்த 'ஓடுச்சு' தாளில் 'ஓடியது' ஆக வேண்டும். பல குழந்தைகளின் பேனா நிற்பதே இந்த மொழிபெயர்ப்பு பாரத்தால்தான் என்று நினைக்கிறேன். பேச்சு முழுவதும் கண்முன் எழுத்தாக இருந்ததால், ஒவ்வொரு வினையாக எடுத்து மாற்ற முடிந்தது. கதை சொல்பவரின் வரிகள் எழுத்துத் தமிழில், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழில் என்று வைத்துக்கொண்டோம். "பல்லி பேசுனா எப்படிப் பேசும் மிஸ்?" என்று கேட்டான். அவசரமாகப் பேசும் என்று அவனே முடிவு செய்தான். வாலில்லாத பல்லிக்கு அவசரம் இருக்கும் இல்லையா?

கணினியில் திருத்தும்போது தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கினேன். ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழ் வரவழைக்கும் முறை பெரியவர்களுக்கு வசதி. குழந்தைக்கு அது தமிழ்ச் சொல்லை ஆங்கிலம் வழியாக நினைக்கச் சொல்கிறது. 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99இல் 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமும் தனித்தனி விசைகளில் இருக்கின்றன. அ, ம, ம, ஆ என்று அடித்தால் 'அம்மா' வந்துவிடும், நடுவில் புள்ளி தானாக விழும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைப் பாடமாகப் படித்தவன், அன்று அது விரல் நுனியில் நடப்பதைப் பார்த்தான்.

நான் செய்த தவறு

ஆறாம் வாரம் ஒரு படக்கதைச் செயலியைக் கொண்டுவந்தேன். பின்னணிகள், பாத்திரங்கள், பேச்சுக் குமிழிகள் எல்லாம் தயாராக இருக்கும். குழந்தை கதையை அடுக்கினால் போதும். படம் இருந்தால் எழுத்தும் வளரும் என்று நம்பினேன்.

மூன்று வாரம் போயிற்று. பையன் ஒரு மணி நேரமும் பின்னணி தேர்ந்தெடுத்தான். பூனைக்குத் தொப்பி மாட்டினான், கழற்றினான், வேறு தொப்பி மாட்டினான். குமிழிகளில் இருந்தது "ஹாய்", "ஓடு", "ஐயோ". செயலியில் கடிகாரம் இல்லாததால் கதையிலிருந்து கடிகாரம் காணாமல் போனது. எனக்கு அதுதான் வலித்தது. பல்லி இருந்தது, ஆனால் அது செயலியின் பச்சைப் பல்லி. அவன் வீட்டுப் பல்லியைக் காணவில்லை. கருவியில் இருப்பதற்கேற்பக் கதை சுருங்கிவிட்டது. அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான், அதனால் நானும் தாமதமாகத்தான் கவனித்தேன்.

4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, ஸ்டீவ் கிரஹாமும் டோலோரெஸ் பெரினும் 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் 11 கற்பித்தல் முறைகள் பேசப்படுகின்றன. ஒரு முறை எழுத்தை எவ்வளவு மேம்படுத்தியது என்று காட்டும் எண்ணை விளைவு அளவு என்கிறார்கள். கணினியில் எழுதித் திருத்துவதன் விளைவு அளவு 0.55. நல்ல பலன்தான். திட்டமிடுவதையும் திருத்துவதையும் உத்திகளாக நேரடியாகக் கற்றுத்தருவதற்கோ 0.82, சேர்ந்து எழுதுவதற்கு 0.75. கணினி உதவுகிறது, ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யச் சொல்கிறார் என்பது அதைவிட உதவுகிறது. படித்திருந்தும் அந்த மூன்று வாரமும் நான் பொறுப்பைச் செயலியின் கையில் கொடுத்துவிட்டேன்.

ஒன்பதாம் வாரம் அந்தச் செயலியை அழித்தோம். இனி எழுத்து முதலில், படம் வேண்டுமானால் அப்புறம், அதையும் அவனே வரைய வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

கிளை பிரியும் கதை

பிறகு ட்வைனுக்குப் போனோம். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் உருவாக்கிய இலவசக் கருவி இது, திறமூலமும்கூட. கதையைச் சிறு சிறு பகுதிகளாக எழுதலாம். ஒரு சொற்றொடரை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் அது அடுத்த பகுதிக்கு இணைப்பாகிவிடும். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தயார் படங்களும் கிடையாது, வெறும் வெள்ளைக் கட்டம். (உலாவியில் பயன்படுத்துவோர் ஒவ்வொரு நாளும் கதையைக் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும்.)

"பூனை பாய்கிறது. நீ என்ன செய்வாய்?" என்று தொடங்கினான். ஒரு கிளையில் வாலை விட்டுவிடலாம், இன்னொன்றில் கடிகாரத்துக்குப் பின்னால் ஓடலாம். கிளைகள் மேலும் பிரியப் பிரிய, ஒன்பது பகுதிகள் ஆயின. வாலை விட்ட பல்லிக்கு மறுபடி வால் முளைக்குமா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. தேடிப் படித்தோம். முளைக்கும், ஆனால் புது வாலுக்குள் எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு இருக்கும். இதை ஒரு பகுதியில் எழுதியே தீர வேண்டும் என்று அடம்பிடித்தான். தகவலைக் கதைக்குள் வைப்பது எளிதல்ல. மூன்று முறை எழுதி, கடைசியில் பல்லியே தன் புது வாலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதாக வைத்தான்.

முடித்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கையிடம் கொடுத்தான். அவளுக்கு வயது 7. அடுத்த வகுப்புக்கு வரும்போது முகம் சுருங்கியிருந்தது. "அவளுக்குப் புரியல மிஸ்." எங்கே புரியவில்லை என்று பார்த்தோம். "பூனை பல்லியைப் பார்த்தது. அது ஓடியது." தங்கை கேட்டிருக்கிறாள்: "எது ஓடிச்சு? பூனையா பல்லியா?"

எழுதியவனுக்குத் தெரியும் எது ஓடியது என்று. படிப்பவளுக்குத் தெரியாது. இந்த இடைவெளியை இதுவரை எந்த ஆசிரியரும் அவனுக்குக் காட்டியிருக்க முடியாது, ஏனென்றால் ஆசிரியர் ஊகித்துப் புரிந்துகொண்டுவிடுவார். ஏழு வயதுத் தங்கை ஊகிக்க மாட்டாள், தப்பான கிளையைத் தொட்டுவிட்டுக் கோபப்படுவாள். அன்று ஒன்பது பகுதிகளிலும் வந்த ஒவ்வொரு 'அது'வையும் தேடிப் பிடித்துப் பார்த்தான். சில இடங்களில் பெயரை எழுதினான், சில இடங்களில் வாக்கியத்தையே திருப்பிப் போட்டான். திருத்து என்று நான் சொல்லவே இல்லை.

செலஸ்தீன் ஃபிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, வகுப்பில் நெடுநேரம் பேச முடியாதவர். 1924இல் தன் கிராமப் பள்ளிக்கு ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி, தாங்களே அச்சுக் கோத்து, வேறு ஊர்ப் பள்ளிக் குழந்தைகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்துக்கு அதுதான் புதிய தொழில்நுட்பம். ஈய எழுத்தாக இருந்தாலும் திரை எழுத்தாக இருந்தாலும், குழந்தைக்கு உண்மையான ஒரு வாசகர் கிடைக்கும்போது அவனே தன் எழுத்தைத் திரும்பிப் பார்க்கிறான்.

"அது என்னைவிட நல்லா எழுதுது"

பன்னிரண்டாம் வாரம் பையன் ஓர் அச்சிட்ட தாளோடு வந்தான். உறவுக்கார அண்ணன் ஒருவன் செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் பல்லிக் கதை ஒன்று எழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறான். "அது என்னைவிட நல்லா எழுதுது மிஸ்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பிழையில்லாத, வழுவழுப்பான ஒரு பக்கம். அதை மறைக்கவோ மட்டம் தட்டவோ எனக்கு மனமில்லை. இரண்டு கதைகளையும் சத்தமாகப் படித்தேன், பிறகு அவனையே சொல்லச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "இதுல கடிகாரமே இல்ல மிஸ்" என்றான். இன்னும் கொஞ்சம் கழித்து, "வால் துடிச்சத இது பாக்கல" என்றான். போதும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வயதில் இயந்திரத்திடம் வரைவு எழுதி வாங்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வாக்கியத்தைத் தேடும் அந்தச் சிரமத்தில்தான் எழுத்து வளர்கிறது, அதை எடுத்துவிட்டால் பயிற்சி என்று ஒன்றும் மிஞ்சாது. இத்தகைய சேவைகள் பல 13 வயதுக்குக் கீழுள்ளவர்களை அனுமதிப்பதும் இல்லை. பெரியவர் தன் கணக்கில், தானே பக்கத்தில் இருந்துகொண்டு, "இந்தக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகராக மூன்று கேள்வி மட்டும் கேள்" என்று கேட்டு வாங்கலாம். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். ஒரு கேள்வி நன்றாக இருந்தது. ஆனால் தங்கையின் கேள்விகளே மேல்.

பதினான்காம் வாரம்

பதின்மூன்றாம் வாரம் கதையின் ஒரு கிளையை மட்டும் எடுத்து 12 பக்கச் சிறு புத்தகமாக அச்சிட்டு மடித்துத் தைத்தோம். படங்கள் அவன் வரைந்தவை, தலைப்பு அவன் கையெழுத்து. கடைசி வகுப்பில் முதல் நாள் கொடுத்த அதே தலைப்பை மீண்டும் கொடுத்தேன். தாள், பென்சில், அரை மணி நேரம், வேறொன்றும் இல்லை.

17 வாக்கியங்கள் எழுதினான். நாயைப் பற்றித்தான், ஆனால் இந்த முறை ஒரு குறிப்பிட்ட நாய். தெருமுனையில் படுத்திருக்கும், ஒரு காது மட்டும் எப்போதும் நிமிர்ந்திருக்கும் நாய். எழுதுவதற்கு முன் இரண்டு நிமிடம் உதட்டை அசைத்துத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஒலிப்பதிவுக் கருவி அவன் தலைக்குள் போய்விட்டது என்று தோன்றியது. முடித்தபின் ஒரு 'அது'வை அடித்து 'நாய்' என்று மாற்றினான். ர, ற இன்னும் தடுமாறுகிறது. கையெழுத்தும் மெதுவாகத்தான் இருக்கிறது. அதற்குத் தனியாகப் பயிற்சி தொடர்கிறது. கையால் எழுதுவதைத் திரைக்காகக் கைவிடும் எண்ணம் எனக்கு இல்லை. இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் மூளையில் வாசிப்புக்கான பகுதிகள் இயங்கின, தட்டச்சு செய்து பழகியவற்றுக்கு அப்படி இயங்கவில்லை. சின்னக் குழந்தைகளுக்குக் கருவி தரும்போது இதை மறக்கக்கூடாது.

ஒரே ஒரு பையனை வைத்து எல்லாக் குழந்தைகளைப் பற்றியும் பேச முடியாது. வாரம் இரண்டு மணி நேரம் ஒரு பெரியவர் வேறு வேலை இல்லாமல் அவன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் மாற்றத்துக்குக் காரணம், ஒருவேளை பெரிய காரணம். கருவியின் பங்கையும் கவனத்தின் பங்கையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டில் செய்து பார்க்க விரும்புவோரிடம் ஒலிப்பதிவில் தொடங்குங்கள் என்பேன். செலவில்லை, எந்தக் கைபேசியிலும் இருக்கிறது. குழந்தை சொல்லி முடித்ததும் திருத்த வேண்டாம், "இன்னும் கொஞ்சம்" என்று மட்டும் கேளுங்கள்.

பையன் இப்போது அடுத்த கதைக்குத் தயாராகிறான். அதே சம்பவத்தைப் பூனையின் பக்கத்திலிருந்து எழுத வேண்டுமாம். ஆனால் உடனே தொடங்க மாட்டேன் என்கிறான். வாலையே பார்த்துக்கொண்டு நின்றபோது பூனைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை. தங்கை தனக்குத் தெரியும் என்கிறாளாம். அடுத்த வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறான், ஒலிப்பதிவை அவளே அழுத்துவாளாம்.